ரிவர்ஸ்ல போன அக்கா

கெழக்கு தாம்பரத்துல எங்க சந்து பக்கம் "ஹோல்டான்!"னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னா லாரி நிக்கும், ஷேர் ஆட்டோ நிக்கும், தூக்கின கால கீழ வெக்காம நாயி கூட அப்டியே நிக்கும். அந்தத் தொண்ட அந்தக்காவோடது. பேரு எனக்குத் தெரியாது. எத்தினியோ வருசம் அது கையால இட்லி துன்னிருக்கேன், ஒரு நாளும் பேரு கேட்டதில்ல. பசியோட வர்றவன் "அக்கா, நாலு இட்லி"ன்னு தான் சொல்லுவான், "தங்கள் பெயர் என்ன"ன்னா கேப்பான்?

எங்க சந்து முட்டு சந்து. ஆட்டோ மூக்க நொழச்சா ரெண்டு பக்கமும் செவுத்துல ஒரசும். அதுலயும் மெயின் ரோட்ட போட்டுப் போட்டு ஒசத்திட்டானுங்க. பழைய ரோட்ட சொரண்டாம அது மேலயே புதுசு, புதுசு மேல இன்னொரு புதுசு. சந்து மட்டும் அப்டியே பள்ளத்துல. அதனால சந்து வாய்ல ஒரு ஏத்தம் கீது பாருங்க, காலி சைக்கிள தள்ளினாலே மூச்சு வாங்கும். மழ பேஞ்சா தண்ணி எறங்குறதுக்கு மட்டும் அது சோக்கான ரோடு.

அந்த ஏத்தத்து மேல, ரோட்டோரமா அக்காவோட இட்லிக் கட. பக்கத்துல அண்ணாச்சி மளிகக் கட. தண்ணி லாரி, குப்ப வண்டி, கேஸ் டெம்போ எல்லாம் அங்க தான் ரிவர்ஸ் எடுக்கும். ஒரு தடவ புது ட்ரைவரு ஒருத்தன் ரிவர்ஸ் எடுத்து அக்காவோட சாம்பார் குண்டான நசுக்கிட்டான். அன்னிலேர்ந்து கரண்டிய கையில வெச்சிகினு அக்காவே நடு ரோட்டுல எறங்கிடும்.

"வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி... எது லெஃப்ட்டுன்னு தெரியாதா, சாப்புடாத கை!... வா, வா... ஹோல்டான்!"

அந்தத் தொண்டைய நம்பி லாரிக்காரனுங்க கண்ணாடி பாக்கறதையே வுட்டுட்டானுங்க. அக்கா கைய காட்டினா தாம்பரமே பின்னாடி நடக்கும்.

என் கதைக்கு வர்றேன். நான் ஷேர் ஆட்டோ ஓட்றவன், கூடவே அர மெக்கானிக்கு. அஞ்சாங்கிளாஸ ரெண்டு தடவ படிச்சேன், அவ்ளோ புடிச்சிருந்துச்சு. எந்த வண்டிய பிரிச்சு மாட்டினாலும் கடைசில ரெண்டு போல்ட்டு, ஒரு வாஷரு மிச்சம் வந்துடும். வண்டி என்னமோ ஓடும். மிச்சம் வந்தத ஒரு டப்பால போட்டு வெப்பேன். அத பாத்து அக்கா வெச்ச பேரு தான் "ஸ்பேரு". இப்ப எங்கம்மாவே அப்டி தான் கூப்புடுது.

"டேய் ஸ்பேரு, அந்த ஆட்டோ முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"மிச்சம் எத்தினி?"

"மூணு."

"அப்ப சரி. மிச்சம் வரலன்னா தான் எனக்கு பயம், யார் வண்டியோடதயோ சேத்து மாட்டிட்டன்னு."

அக்காவோட வூட்டுக்காரரும் ஆட்டோ தான் ஓட்டினாரு, பழைய டூ ஸ்ட்ரோக்கு, பொகையா கக்கும். அவரு போயி பல வருசம் ஆச்சு. அவரப் பத்தி அக்கா அழுது நான் பாத்ததில்ல. ஒரே ஒரு கதைய சொல்லி சிரிக்கும், தெனிக்கும் சொல்லும், சாம்பார் ஊத்தும்போது சொல்லும்.

"பஸ் ஸ்டாண்டாண்ட வண்டிய ஸ்டார்ட் பண்ணாருடா. ஸ்டார்ட் ஆச்சு. ஃபர்ஸ்ட் கியர் போட்டாரு. வண்டி பின்னாடி போவுது! இவரு இன்னும் முறுக்குறாரு, அது இன்னும் வேகமா பின்னாடி போவுது. பூக்காரம்மாவோட கூடை மேல ஏறி குந்திகிச்சு. எறங்கி வந்து அந்தம்மாவ திட்டுறாருடா, 'நான் முன்னாடி போறேன், நீ ஏம்மா கூடைய தூக்கினு என் பின்னாடியே வர்ற?'ன்னு!"

அப்றம் அதுவே சிரிச்சு அதுவே இருமும். நானும் சிரிப்பேன். எக்ஸ்ட்ரா சட்னி வரும்ல.

ஒரு விசயத்துல மட்டும் அக்காகிட்ட வெளயாட முடியாது. அது மேல யாரும் கை வெக்கக் கூடாது, அது தூக்குறத யாரும் தூக்கக் கூடாது. ஒரு நாள் சாம்பார் குண்டான எறக்கறப்ப நான் போய் ஒரு கை குடுத்தேன். கரண்டியால வெரல் மொழியிலயே ஒண்ணு வெச்சுச்சு.

"என் பாரத்த நான் தூக்குறேன். உன் தட்ட நீ தூக்கு."

பஸ்ஸுல ஏறறப்ப ஒரு தடவ வழுக்கி வுழுந்துச்சு. நாலஞ்சு பேரு கை நீட்டினாங்க. எல்லார் கையையும் ஒரு பார்வ பாத்துட்டு, பஸ் கம்பிய புடிச்சு தானா எழுந்து, பொடவைய ஒதறி, கண்டக்டர பாத்து "ரைட் போலாம்"னுச்சு.

அப்பால சக்கர வியாதி வந்துச்சு. மொதல்ல வெரலு, அப்றம் முட்டிக்குக் கீழ ஒரு காலு. எடுத்துட்டாங்க. கடைய மூடியாச்சு. காலு போன ஆஸ்பத்திரியிலயே கிட்னியும் வேல செய்யலன்னு சொல்லிட்டாங்க. வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ். போவலன்னா ஒடம்புல தண்ணி சேந்து மூச்சு முட்டிரும். அக்கா வூடு சந்தோட கடைசி வூடு. ஆட்டோ நிக்கிறது ஏத்தத்து மேல. நடுவுல இந்த சந்து.

வீல்சேர் வாங்கியாந்தோம். கால்வா மேல போட்ட சிலாப்பு பூரா ஒடஞ்சு கெடக்கு, சின்ன சக்கரம் உள்ள மாட்டிக்கும். ஏத்தத்துல தள்ளினா வீல்சேரு அக்காவோட மல்லாந்துகிச்சு. வேற வழியில்ல, பிளாஸ்டிக் சேர்ல குந்த வெச்சு நாங்க நாலு பேரு நாலு காலப் புடிச்சு தூக்கினோம். அக்கா கண்ண மூடிகினு, பல்ல கடிச்சிகினு வந்துச்சு.

ஏத்தத்து மேல வந்தப்ப தான் அது நடந்துச்சு. அண்ணாச்சி கடைக்குள்ள குனிஞ்சு பருப்பு அள்ளிகினு இருந்தாரு. நிமுந்து பாத்தாரு. சந்துலேர்ந்து நாலு பேரு தோளு ஒசரத்துல எதையோ தூக்கினு வர்றது தான் அவரு கண்ணுல பட்டுச்சு. மனுசன் ஒண்ணும் யோசிக்கல. எங்க பக்கமெல்லாம் பொணம் போனா கடைக்காரங்க ஷட்டர பாதி எறக்குவாங்க இல்ல, அந்தப் பழக்கம். கை தானா போச்சு. ஷட்டரு கடகடன்னு எறங்குச்சு. துண்ட தோள்லேர்ந்து எடுத்து கையில வெச்சிகினு நின்னாரு.

அப்றம் தான் மொகத்த பாத்தாரு. "அய்யய்யோ, தாயி..."ன்னாரு. ஷட்டர தூக்கறாரு, அது பாதியில மாட்டிகிச்சு. அவரும் இழுக்குறாரு, வர மாட்டேங்குது.

அக்கா கண்ண தொறந்து அந்த ஷட்டரையே பாத்துச்சு. அன்னிக்கு டயாலிசிஸ் முடிஞ்சு திரும்பி தூக்கினு வந்து வூட்ல எறக்கினோம். எறக்கினதும் சொல்லிச்சு.

"நாலு பேரு தூக்கறது கடைசி தூக்குடா. அதுக்கு இன்னும் டைம் கீது. இனிமே என்ன தூக்கினீங்கன்னா அது ஒரே ஒரு தடவ தான்."

"அக்கா, ஆஸ்பத்திரி..."

"தூக்காம கூட்டினு போற வழிய பாரு. இல்லன்னா வுடு."

அடுத்த தடவ போவல. சொன்னா சொன்னது. எங்கம்மா அழுது பாத்துச்சு. அண்ணாச்சி வந்து கைய கூப்பினாரு. நான் கோவமா திட்டிப் பாத்தேன், காமெடி பண்ணிப் பாத்தேன், அதுக்கு தெரியாம தூக்கவும் பாத்தேன். இந்த வெரல் மொழியப் பாருங்க, ரெண்டாவது தடவ கரண்டி பட்ட எடம். டயாலிசிஸ் சென்டர்லேர்ந்து நர்ஸம்மா எனக்கு போன் போட்டு, "என்னங்க வெளையாடுறீங்களா? இன்னும் விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறிடும், தெரியுமா"ன்னு கத்துச்சு. மறுநாளு அக்கா மொகம் ஊதிப்போச்சு. படுத்தா மூச்சு வரல, வாசப்படியில செவுத்துல சாஞ்சு குந்திகினே தூங்குச்சு.

அப்பவும் ஏத்தத்து மேல தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்குற சத்தம் கேட்டா உள்ளேர்ந்தே கொரலு குடுக்கும். எஞ்சின் சத்தத்த வெச்சே கண்டுபுடிச்சிரும். "வா... வா..."ன்னு ஆரம்பிக்கும், "ஹோல்டான்" வர்றதுக்குள்ள மூச்சு தீந்துரும். லாரிக்காரன் அந்த ஒரு வார்த்தைக்காக காத்துகினு நிப்பான்.

எனக்கு ராத்திரி தூக்கம் வரல. நல்லா தூங்கறவன் நான், சிக்னல்லயே தூங்கிருக்கேன்.

அப்ப தான் எங்க மச்சான், கோவளம் பக்கம் மூடின ஒரு ரிசார்ட்ட ஒடைக்கிற வேலையில இருந்தவன், சொன்னான். "கோல்ஃப் வண்டி ஒண்ணு கெடக்குடா. எஞ்சின் காலி. எடுத்துனு போறியா, இல்ல நசுக்கட்டுமா?" போய் பாத்தேன். குட்டி வண்டி. முன்னாடி ட்ரைவரு சீட்டு, பின்னாடி ஒரு சீட்டு முதுகு காட்டி திரும்பிகினு கீது, அதுல குந்தினா பின்னால தான் பாக்க முடியும். அகலத்த கயிறு வெச்சு அளந்தேன். எங்க சந்துல ரெண்டு பக்கமும் உள்ளங்கை அளவு எடம் வுட்டுப் போவும். பின்சீட்டு அக்கா வூட்டு வாசப்படிக்கு சம மட்டம். அக்கா படியிலேர்ந்து கைய ஊனி நவுந்தா போதும், சீட்டு. யாரும் தூக்கத் தேவையில்ல. அங்கயே அந்த வண்டிய கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்தேன். மச்சான் தள்ளி நின்னான்.

கல்யாண மண்டபத்துல தூக்கிப் போட்ட ஜெனரேட்டர் எஞ்சின் ஒண்ணு கெடச்சுது. ராத்திரி பகல்னு வெல்டிங் அடிச்சு ஏத்தினேன். அது பாதி எடத்த தின்னுடுச்சு, பேட்டரியும் பெட்ரோல் டின்னும் எனக்குப் பக்கத்துல முன்சீட்டுல குந்திகிச்சு. மிச்சம் ஏழு போல்ட்டு. ஓட்டினேன். சும்மா பறக்குது! ஏத்தத்துலேர்ந்து சந்துக்குள்ள எறக்கி, நேரா அக்கா வூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தினேன். சந்தே கை தட்டுச்சு. அக்கா ஊதின மொகத்தோட சிரிச்சுச்சு.

"சரி, ரிவர்ஸ் எடு பாப்போம்."

இந்த வண்டியில ரிவர்ஸுக்கு கியரு கெடையாது, ஒரு சுச்சு தான். சுச்ச பின்னாடி தள்ளி மிதிச்சா ஸ்டார்ட்டரு சுத்தும், வண்டி பின்னாடி போவணும். தள்ளினேன். மிதிச்சேன். கர்ர்ர்ர். கர்ர்ர்ர். அப்றம் கார்பரேட்டருலேர்ந்து புஸ்ஸுனு பெட்ரோல் என் மூஞ்சியிலயே துப்புச்சு.

ஒயரு மாறிருக்கும்னு மாத்தினேன். சுச்ச மாத்தினேன். ஸ்டார்ட்டர பிரிச்சேன். கர்ர்ர்ர், புஸ்ஸு. முன்னாடி வெச்சா ஒரே மிதியில ஸ்டார்ட் ஆவுது, ஆனா முன்னாடி செவுரு தான கீது! முட்டு சந்துல மொகத்த முட்டிகினு வண்டி நிக்குது, பின்னாடி வர மாட்டேங்குது.

"அக்கா, நீ ஏறி குந்து, ஆளுங்கள வெச்சு தள்ளிடறேன்"னேன்.

"எத்தினி பேரு?"

"ஏத்தம் கீதே... நாலு பேரு."

அக்கா என்ன பாத்த பார்வைக்கு நானே எழுந்து வெளிய போயிட்டேன்.

சந்தையே அடச்சிகினு நின்னுச்சு வண்டி. பக்கத்து வூட்டு டீச்சரம்மா தெனிக்கும் டிபன் பாக்ஸோட முன்சீட்டுல ஏறி பின்சீட்டு வழியா எறங்கி வேலைக்குப் போச்சு. எறங்கறப்பல்லாம் "இதுக்கு ஸ்டாப்பிங் எங்கப்பா?"ன்னு கேக்கும். நான் சிரிப்பேன். அக்கா பேசறது கொறஞ்சு போச்சு. ஒரு வார்த்த, ஒரு மூச்சு. சாயங்காலம் ஒதடு நீலமா தெரிஞ்சுது. நான் வண்டிக்கு அடியில படுத்துகினு ஸ்பேனர வெச்சிகினு அழுதேன். ஆயிலு சொட்டுச்சுன்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன்.

"டேய்... ஸ்பேரு..."

"இன்னாக்கா?"

"சிரிக்க... வெக்கட்டுமா?"

மூச்சு வாங்கிகினே ஆரம்பிச்சுச்சு. "பஸ் ஸ்டாண்டாண்ட... ஸ்டார்ட் பண்ணாருடா... ஃபர்ஸ்ட் கியர் போட்டாரு... பின்னாடி போவுது..."

ஆயிரம் தடவ கேட்ட கத. சட்னிக்காக சிரிச்ச கத. வண்டிக்கு அடியில படுத்திருந்தவன் படக்குனு எழுந்தேன், மண்ட சேஸிஸ்ல இடிச்சுது. நல்ல வேள இடிச்சுது, அப்ப தான் மூள எடத்துக்கு வந்துச்சு போல.

"அக்கா, இன்னொரு தபா சொல்லு! எப்டி பின்னாடி போச்சு?"

"எஞ்சினு... தல கீழா... சுத்திச்சு. டூ ஸ்ட்ரோக்குல... ஆவும்டா. அவரே... சொன்னாரு."

நான் எவ்ளோ பெரிய மக்குன்னு அப்ப தான் எனக்கே தெரிஞ்சுது. இந்த வண்டியில ரிவர்ஸ் கியரே கெடையாது. அதோட பழைய எஞ்சினு டூ ஸ்ட்ரோக்கு. ஸ்டார்ட்டர திருப்பி சுத்த வுட்டா எஞ்சினே திரும்பி ஓடும், வண்டி பின்னாடி போவும். அக்கா வூட்டுக்காரருக்கு தெரியாம நடந்தத இதுல தெரிஞ்சே பண்ணி வெச்சிருக்கானுங்க. நான் ஏத்தினது வால்வு வெச்ச எஞ்சினு. அது ஒரு பக்கம் தான் மூச்சு வுடும். திருப்பி சுத்தினா உள்ள போவ வேண்டியது வெளிய வந்து என் மூஞ்சில துப்பும். அதத் தான் அது இத்தினி நாளா சொல்லிகினு இருந்துச்சு.

"டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எங்க போய் தேடுவேன் இப்ப? எல்லாம் காயலான் கடையில உருக்கிட்டானுங்களே!"

அக்கா கைய மட்டும் தூக்கி உள்ள காட்டுச்சு. மாவு கிரைண்டரு. அது ஆடாம இருக்க கீழ ஒரு இரும்பு முட்டு குடுத்திருந்துச்சு. எத்தினியோ தடவ அந்த முட்டு மேல கால வெச்சிகினு இட்லி துன்னிருக்கேன். துணிய விலக்கிப் பாத்தா, அவரோட ஆட்டோ எஞ்சின்.

"எடு. இனிமே மாவு... யாருக்கு?"

கிரைண்டர நவுத்தறப்ப ஒதவ வர்றவன் மேல கரண்டி வரும்னு பாத்தேன். வரல. அது தான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு.

அந்த எஞ்சின கழுவி, போர் தேச்சு, கியர் பக்கத்த அறுத்துப் போட்டு, பெல்ட்டு மாட்டி, ஸ்டார்ட்டரோட சேத்தேன். ப்ளக்கு பொறி அடிக்கிற டைமிங்க முன்பக்கம் வெச்சா முன்னாடி மட்டும் நல்லா ஓடும். நட்ட நடுவுல வெச்சா ரெண்டு பக்கமும் ஓடும், ரெண்டு பக்கமும் சுமாரா ஓடும். சுமாரு எனக்கு பழக்கப்பட்ட லெவலு தான். நடுவுல வெச்சேன்.

மறுநாள் காலையில அக்காவுக்கு வார்த்தையே வரல. மூச்சு கொர்ரு கொர்ருன்னுது. படியிலேர்ந்து கைய ஊனுச்சு. ஒரு நவுத்து, நிறுத்தி மூச்சு. இன்னொரு நவுத்து. சந்தே பாத்துகினு நிக்குது, ஒருத்தரும் கை நீட்டல. நீட்டினா இன்னா ஆவும்னு எல்லாருக்கும் தெரியும். சீட்டுல போய் குந்திகிச்சு. பொடவைய சரி பண்ணிகிச்சு.

"மிச்சம்... எத்தினி?"

"பதினொண்ணுக்கா."

"அப்ப... சரி."

சுச்ச பின்னாடி தள்ளினேன். மிதிச்சேன். கர்ர்ர். கர்ர்ர். டப்புன்னு ஒரு சத்தம், சந்து முழுக்க வெள்ளப் பொக. டபடபடபன்னு எஞ்சினு தல கீழா ஓட ஆரம்பிச்சுச்சு. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி பின்னாடி நவுந்துச்சு. எனக்கு பின்னாடி ஒண்ணும் தெரியல. எனக்கு முதுகு காட்டிகினு அக்கா. போற பக்கம் பூரா அதுக்கு தான் தெரியுது.

அக்கா கொரலு வருதான்னு காத தீட்டிகினே மிதிச்சேன். செத்துடுச்சோன்னு நெனச்சேன். அப்றம் கேட்டுச்சு, ரொம்ப சன்னமா.

"வா... வா... வா..."

ஏத்தம் வந்துச்சு. எஞ்சின் முக்குது. நிக்கப் போவுது, நின்னுச்சுன்னா உருண்டு திரும்ப சந்துக்குள்ள போயிடுவோம். "முறுக்குடா!"ன்னு ஒரு கத்து. எங்கேர்ந்து வந்துச்சோ அந்த மூச்சு. ஏறிட்டோம். பொகையில அண்ணாச்சி கட தெரிஞ்சுது. மனுசன் வெளிய வந்து நிக்கிறாரு, அக்காவ பாக்குறாரு, பதட்டத்துல கை அதுவா ஷட்டரு மேல போயிடுச்சு.

"யோவ் அண்ணாச்சி! தொறந்து வையி!"

அந்த சத்தத்துல ரோட்டுல போன பஸ்ஸே பிரேக் அடிச்சுது.

"அக்கா, ஹோல்டான் சொல்லு! ரோடு வந்துடுச்சு, திருப்பணும்!"

"நிறுத்தினா... முன்னாடி ஸ்டார்ட்... ஆவுமா?"

"ஆவும்னு தான் நெனக்கிறேன்."

"ஆவுமா... ஆவாதா?"

"...தெரியலக்கா."

"அப்ப எதுக்கு... நிறுத்தற? வா, வா, வா."

போனோம். கேம்ப் ரோடு பூரா பின்னாடியே போனோம். நான் ஸ்டீரிங்க புடிச்சிகினு வந்த வழியப் பாத்துகினு குந்திருக்கேன், அக்கா போற வழியப் பாத்து ஒரு கைய நீட்டி "லெஃப்ட்ல ஒடி... சாப்புடாத கைடா... வா, வா..." லாரிக்காரனுங்க அந்தக் கொரல கேட்டு தானா ஒதுங்கறானுங்க. செல்லுல எவனெவனோ வீடியோ எடுக்குறான். சிக்னலாண்ட ட்ராஃபிக் போலீஸு குறுக்க பாஞ்சு வந்தாரு.

"யோவ்! என்னய்யா ரோட்டுல ரிவர்ஸ்ல வர்ற?"

நான் வாய தொறக்கறதுக்குள்ள அக்கா சொல்லிச்சு. "சார்... நான் நேரா தான் சார்... போறேன். அவன் தான்... திரும்பி குந்திகினு கீறான்."

அவரு அக்காவோட ஒதட்டப் பாத்தாரு. ஒரு காலு இல்லாதத பாத்தாரு. விசில எடுத்து ஊதி எங்களுக்காக நாலு பக்கமும் வண்டிய நிறுத்தினாரு.

சென்டர் வாசல்ல, வீல்சேரு ரெடியா நிக்கிற எடத்துக்கு நேரா வந்ததும் தான் "ஹோல்டான்!"னுச்சு. எஞ்சினே அத கேட்டு தானா நின்னுடுச்சு. நர்ஸம்மா ஓடியாந்து மாஸ்க் வெச்சு ஆக்சிஜன் குடுத்துச்சு. அந்த நேரத்துல செக்யூரிட்டி தாத்தா என் பக்கத்துல வந்தாரு. கதைய கேட்டாரு. நான் நெஞ்ச நிமுத்தி டைமிங் வெச்சத வரைக்கும் சொன்னேன். தாடைய சொறிஞ்சிகினே கேட்டாரு.

"ஏம்பா, காலி வண்டிய நாலு பேரு வெளிய தள்ளி, ரோட்டுல திருப்பி, பின்பக்கமா சந்துக்குள்ள உருட்டி எறக்கிருந்தா, அந்தம்மாவ ஏத்தினு நேராவே ஏறி வந்திருக்கலாமே? ரிவர்ஸே வேணாமே?"

ஜெனரேட்டர் எஞ்சினோடவே, மொத நாளே முடிஞ்சிருக்கும். அவரு சொல்றது ஒவ்வொண்ணா மண்டையில ஏறுச்சு. இத்தினி நாளு. அந்த ஊதின மொகம். அந்த நீல ஒதடு. எனக்கு அங்கயே பூமி பொளந்து உள்ள போவணும் போல இருந்துச்சு.

மாஸ்க்குக்குள்ளேர்ந்து ஒரு சத்தம். அக்கா சிரிக்குது. மாஸ்க்க விலக்குச்சு.

"எனக்கு... மொதல்லயே தெரியும்டா."

"பொய் சொல்லாதக்கா!"

"தெரியும்டா ஸ்பேரு. நேரா ஏறினா... நான் எத பாத்துகினு போவேன்? அந்த சந்தையும்... என் வூட்டு கதவையும் தான்... பாத்துகினே போவணும். அப்டி... போவ மாட்டேன். எனக்கு ரோடு... பாக்கணும்."

நர்ஸம்மா திட்டிகினே மாஸ்க்க மூடி உள்ள தள்ளினு போச்சு. உண்மையா தெரிஞ்சிருந்துச்சா, இல்ல என் மானத்த காப்பாத்த அடிச்சு வுட்டுச்சான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. உண்மைன்னு நெனச்சா ஒரு மாரி பயமா கீது. பொய்யின்னு நெனச்சா அழுவ வருது. ரெண்டையும் மாத்தி மாத்தி நெனச்சுப்பேன், நடுவுல வெச்ச டைமிங் மாரி.

அதுக்கப்பால வழி தெரிஞ்சும் ஒரு நாளு கூட நான் வண்டிய பின்பக்கமா எறக்கல. ஒவ்வொரு தடவையும் மூஞ்சிய செவுத்துல முட்ட நிறுத்தி, ரிவர்ஸ்ல தான் கூட்டினு போனேன். அக்கா கை காட்டிகினே போச்சு. கொஞ்ச காலம் அப்டி போச்சு.

அப்றம் ஒரு நாளு, சொன்ன மாரியே, ஒரே ஒரு தடவ, நாலு பேரு தூக்கினோம். நான் முன்னாடி எடது பக்கம், சாப்புடாத கை. ஏத்தத்துல ஏறினோம். டைலர் கட மூடிச்சு, செல்லு கட மூடிச்சு, டீக்கட அடுப்ப எறக்கிச்சு. அண்ணாச்சி துண்ட கையில வெச்சிகினு வெளிய நின்னாரு. பின்னாடி கட பூரா தொறந்து கெடக்கு, உள்ள லைட்டு எரியுது.

பக்கத்துல நின்னவன் மெதுவா சொன்னான், "அண்ணாச்சி, ஷட்டரு..."

அவரு அக்காவ வுட்டு கண்ண எடுக்கல.

"அவிய தொறந்து வைக்கச் சொல்லிருக்காவல்லா, தம்பி."